நிதி நிறுவனங்களின் கடிவாளம் யார் கையில்? சட்டமும் நம் வீட்டு நகையும்



வட்டி ஹராம் என்பதில் நமக்குள் இரண்டு கருத்து இல்லை. ஆனாலும் நம் மஹல்லாவில் ஒருமுறைகூட நகையை அடகு வைக்காத வீடு, மகளிர் குழுக் கடனில் சிக்காத வீடு என்று கணக்கெடுத்தால் விரல்விட்டு எண்ணிவிடலாம். பிள்ளையின் கல்லூரிக் கட்டணம், திடீர் ஆஸ்பத்திரிச் செலவு, வளைகுடாவுக்குப் போக விசாப் பணம் என்று ஏதோ ஒரு நெருக்கடியில் வீட்டுப் பெண்களின் வளையலும் சங்கிலியும் நிதி நிறுவனத்தின் பெட்டகத்துக்குப் போய்விடுகின்றன. மருத்துவ உதவி கேட்டு நம் அலுவலகத்துக்கு வரும் விண்ணப்பங்களில் பலவற்றோடு அடகுச் சீட்டும் சேர்ந்தே வருகிறது.

அப்படி வருபவர்கள் நம்மிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் இரண்டுதான். "இந்தக் கம்பெனி செய்வதை யாரிடம் போய்ச் சொல்வது?" என்பது கடன் வாங்கியவர்களின் கேள்வி. "இது பெரிய கம்பெனிதானே, கொஞ்சம் பணத்தைப் போட்டு வைக்கலாமா?" என்பது கையில் சிறிது சேமிப்பு உள்ளவர்களின் கேள்வி. இரண்டுக்கும் பதில் ஒரே இடத்தில் இருக்கிறது. வங்கி அல்லாத நிதி நிறுவனங்களை அரசும் ரிசர்வ் வங்கியும் எப்படிக் கண்காணிக்கின்றன, அந்தக் கண்காணிப்பு எதுவரை செல்லும் என்ற சட்டத்தில் இருக்கிறது. அதைத்தான் இங்கே விளக்குகிறோம். மார்க்கத் தீர்ப்பு சொல்வது ஆலிம்களின் பொறுப்பு. அதற்குள் நாம் போகவில்லை.

வங்கி வேறு, நிதி நிறுவனம் வேறு

பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கின்றன. கண்ணாடிக் கதவு, ஏசி, டோக்கன், சீருடை அணிந்த ஊழியர்கள். தொலைக்காட்சியில் நடிகர்கள் வந்து விளம்பரம் செய்கிறார்கள். ஆனால் நிதி நிறுவனத்தில் நாம் சேமிப்புக் கணக்கோ நடப்புக் கணக்கோ தொடங்க முடியாது. அது நமக்குக் காசோலைப் புத்தகம் தராது. நாடு முழுவதும் ரிசர்வ் வங்கியில் பதிவு பெற்ற நிதி நிறுவனங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அவற்றில் பொதுமக்களிடம் டெபாசிட் வாங்க அனுமதி பெற்றவை ஐம்பதுக்கும் குறைவு. மற்றவை கடன் கொடுக்கலாமே தவிர, டெபாசிட் என்று ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது.

அப்படியானால் கடன் கொடுக்கும் பணம் அவர்களுக்கு எங்கிருந்து வருகிறது? பெரும்பகுதி வங்கிகளிடமிருந்தும், கடன் பத்திரங்களை வாங்கும் மியூச்சுவல் ஃபண்டு, காப்பீட்டு நிறுவனங்களிடமிருந்தும் வருகிறது. உங்கள் சம்பளம் விழும் வங்கி நிதி நிறுவனத்துக்குக் கடன் கொடுக்கிறது. நிதி நிறுவனம் அதை இன்னும் கூடுதல் வட்டிக்கு உங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்கு நகைக் கடனாகக் கொடுக்கிறது. ஒரு பெரிய நிதி நிறுவனம் விழுந்தால் அதற்குக் கடன் கொடுத்த வங்கியும் ஆட்டம் காண்பது இதனால்தான். அரசு பெரிய நிறுவனங்கள் மீது தனிக் கவனம் வைப்பதற்கும் இதுவே காரணம்.

சட்டம் வந்த கதை

ரிசர்வ் வங்கிச் சட்டம் 1934இல் வந்தது. அதில் நிதி நிறுவனங்களுக்கென ஓர் அத்தியாயம் 1963ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் சேர்ந்தது. அப்போதும் டெபாசிட் வாங்குவதைக் கட்டுப்படுத்துவதே அதன் நோக்கம். கடன் கொடுக்கும் தொழிலுக்குள் யார் வேண்டுமானாலும் நுழையலாம் என்ற நிலை நீடித்தது. அதன் பலனைத் தமிழ்நாடு நன்றாகவே அனுபவித்தது. 90களில் தெருவுக்குத் தெரு பைனான்ஸ் கம்பெனிகள் முளைத்ததையும், ஒருநாள் காலையில் ஷட்டர் இழுத்து மூடப்பட்டிருந்ததையும் நம் பெரியவர்கள் இன்னும் மறக்கவில்லை. ஓய்வூதியப் பணத்தையும் மகளின் கல்யாணத்துக்குச் சேர்த்த பணத்தையும் இழந்தவர்கள் பலர்.

1997இல் இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று, ரிசர்வ் வங்கிச் சட்டத்தில் மத்திய அரசு கொண்டுவந்த திருத்தம். அதன்படி ரிசர்வ் வங்கியின் பதிவுச் சான்று இல்லாமல் எந்த நிறுவனமும் நிதித் தொழில் செய்யக் கூடாது. இன்னொன்று தமிழ்நாடு அரசின் முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம். ஏமாற்றிய நிறுவனத்தின் சொத்தை முடக்கி, சிறப்பு நீதிமன்றம் வழியாக விற்று, பணம் போட்டவர்களுக்குப் பிரித்துக் கொடுக்க அது வழி செய்தது. இன்று பொருளாதாரக் குற்றப்பிரிவு போலீசார் நிதி மோசடி வழக்குகளைப் பதிவு செய்வது பெரும்பாலும் இந்தச் சட்டத்தின் கீழ்தான்.

பதிவு கட்டாயம் ஆனது. ஆனால் பதிவு பெற்ற ஒரு பெரிய நிறுவனமே தள்ளாடினால் என்ன செய்வது என்பதற்குச் சட்டத்தில் போதிய வழி இல்லை. அது 2018இல் வெளிச்சத்துக்கு வந்தது.

ஐஎல் அண்ட் எஃப்எஸ் என்ற நிறுவனத்தின் பெயரை நம்மில் பலர் அதுவரை கேள்விப்பட்டிருக்க மாட்டோம். ஆனால் அதன் குழுமம் கட்டியவை நமக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. கடலூர் மாவட்டம் பரங்கிப்பேட்டை அருகே உள்ள அனல் மின் நிலையம் அவற்றில் ஒன்று. எல்ஐசி, ஸ்டேட் வங்கி போன்ற அரசு நிறுவனங்களே அதில் பங்குதாரர்கள். மதிப்பீட்டு நிறுவனங்கள் அதற்குக் கொடுத்திருந்த தரம் ஏஏஏ, அதாவது இதற்கு மேல் பாதுகாப்பு இல்லை என்று பொருள். 2018 ஆகஸ்ட், செப்டம்பரில் அது வாங்கிய கடனைக் கட்ட முடியாமல் நின்றபோது குழுமத்தின் மொத்தக் கடன் 90 ஆயிரம் கோடி ரூபாயைத் தாண்டியிருந்தது. முன்னூறுக்கும் மேற்பட்ட துணை நிறுவனங்கள். எது எதற்குக் கடன் கொடுத்தது என்று பிரித்துப் பார்ப்பதற்கே மாதக்கணக்கில் ஆனது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஒரு வங்கி இப்படி ஆகியிருந்தால் ரிசர்வ் வங்கி அதன் இயக்குநர் குழுவைக் கலைத்துவிட்டுத் தன் ஆளை உட்கார வைத்திருக்கும். நிதி நிறுவனத்தின் மீது அந்த அதிகாரம் அப்போது ரிசர்வ் வங்கிக்கு இல்லை. அதனால் மத்திய அரசு கம்பெனிகள் சட்டத்தின் கீழ் மும்பையில் உள்ள கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போய், 2018 அக்டோபர் 1ஆம் தேதி பழைய இயக்குநர்களை நீக்கிப் புதிய குழுவை அமர்த்தியது.

அந்த ஓட்டையை அடைத்தது 2019ஆம் ஆண்டின் நிதிச் சட்டம். பட்ஜெட்டோடு சேர்ந்து வந்ததால் இதைப் பற்றிப் பத்திரிகைகளில் பெரிய பேச்சு இல்லை. வருமான வரி மாற்றம்தான் தலைப்புச் செய்தி ஆனது. ஆனால் ரிசர்வ் வங்கிச் சட்டத்தில் அது செய்த திருத்தங்கள் கனமானவை. 2019 ஆகஸ்ட் முதல், நிதி நிறுவனத்தின் இயக்குநரை ரிசர்வ் வங்கி நேரடியாக நீக்கலாம். இயக்குநர் குழுவையே கலைத்து நிர்வாகி ஒருவரை ஐந்து ஆண்டுகள் வரை அமர்த்தலாம். கணக்கைச் சரியாகப் பார்க்காத தணிக்கையாளரைத் தள்ளி வைக்கலாம். தள்ளாடும் நிறுவனத்தைப் பிரித்து நல்ல பகுதியைத் தனியாக்கவோ, வேறொன்றோடு இணைக்கவோ செய்யலாம். அதே குழுமத்தின் மற்றக் கம்பெனிகளின் கணக்கையும் கேட்கலாம். இந்தக் கடைசி அதிகாரம் ஐஎல் அண்ட் எஃப்எஸ் அனுபவத்திலிருந்து வந்தது என்பது சொல்லாமலே புரியும். வீட்டுக் கடன் நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் பொறுப்பும் தேசிய வீட்டு வசதி வங்கியிடமிருந்து ரிசர்வ் வங்கிக்கு மாறியது. வெள்ளம் வந்த பிறகு போட்ட அணைதான். ஆனாலும் அணை போடப்பட்டது.

மூன்றே மாதத்தில் அதைப் பயன்படுத்த வேண்டி வந்தது. திவான் ஹவுசிங் ஃபைனான்ஸ் என்ற வீட்டுக் கடன் நிறுவனத்தின் இயக்குநர் குழுவை ரிசர்வ் வங்கி 2019 நவம்பர் 20 அன்று கலைத்தது. பின்னர் அது திவால் சட்டத்தின் கீழ் கொண்டு செல்லப்பட்டு, 2021இல் பிரமல் குழுமத்தின் கைக்குப் போனது. 2021இல் ஸ்ரேய் குழுமத்தின் இரண்டு நிறுவனங்களிலும் ரிலையன்ஸ் கேப்பிடலிலும் இதே நடவடிக்கை எடுக்கப்பட்டது.

திவான் ஹவுசிங் கதை நம் குடும்பங்களுக்கு மிகவும் வேண்டியது. அது பொதுமக்களிடம் டெபாசிட் வாங்க அனுமதி பெற்றிருந்த நிறுவனம். உயர்ந்த தரச் சான்றும் வைத்திருந்தது. சட்டப்படி எல்லாம் சரியாக இருக்கிறது என்று நம்பிப் பணம் போட்டவர்களில், சிறிய தொகை வைத்திருந்தவர்கள் ஓரளவு தப்பினார்கள். மற்றவர்களுக்குப் போட்ட பணத்தின் பெரும்பகுதி திரும்பவில்லை. ரிசர்வ் வங்கி தலையிட்டது உண்மை. நிறுவனம் சிதறாமல் கைமாறியதும் உண்மை. நிதித்துறை காப்பாற்றப்பட்டது. டெபாசிட் போட்டவர் காப்பாற்றப்படவில்லை. இந்தச் சட்டங்களின் நோக்கம் தீ அடுத்த வீட்டுக்குப் பரவாமல் தடுப்பதுதான். எரிந்த வீட்டுக்கு நஷ்டஈடு கொடுப்பது அவற்றின் வேலை அல்ல. நம் மக்கள் புரிந்துகொள்ளாமல் இருப்பது இதைத்தான் என்று நமக்குத் தோன்றுகிறது.

பெரியதற்குப் பெரிய கண்காணிப்பு

2021 அக்டோபரில் ரிசர்வ் வங்கி அறிவித்து, 2022 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த ஏற்பாட்டின்படி நிதி நிறுவனங்கள் நான்கு அடுக்குகளாகப் பிரிக்கப்பட்டன. டெபாசிட் வாங்காத, 1,000 கோடி ரூபாய்க்குக் குறைவான சொத்துள்ளவை அடி அடுக்கில். அதற்கு மேற்பட்டவையும், டெபாசிட் வாங்கும் நிறுவனங்கள் அனைத்தும் நடு அடுக்கில். மிகப் பெரியவை மேல் அடுக்கில். முதல் பட்டியலில் மேல் அடுக்கில் 16 நிறுவனங்கள் இருந்தன. பஜாஜ் ஃபைனான்ஸ், முத்தூட் ஃபைனான்ஸ், எல்ஐசி ஹவுசிங், நம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சோழமண்டலம், இப்போது ஸ்ரீராம் ஃபைனான்ஸ் என்று அழைக்கப்படும் நிறுவனம் ஆகியவை அதில் அடங்கும். இவற்றுக்கு மூலதனம் எவ்வளவு வேண்டும், ஒரே ஆளுக்கு எவ்வளவு கடன் கொடுக்கலாம் என்பவற்றில் வங்கிகளுக்கு நெருக்கமான கட்டுப்பாடு உண்டு. நான்காவதாக உச்சி அடுக்கு ஒன்றும் வைத்திருக்கிறார்கள். அது காலியாகவே இருக்க வேண்டுமாம். மிகவும் ஆபத்தான நிலைக்குப் போகிற நிறுவனத்தை அங்கே ஏற்றுவார்கள்.

இந்த அதிகாரங்கள் காகிதத்தோடு நின்றுவிடவில்லை. 2024 மார்ச்சில் ஐஐஎஃப்எல் ஃபைனான்ஸ் புதிதாக நகைக் கடன் கொடுக்க ரிசர்வ் வங்கி தடை போட்டது. தங்கத்தின் எடையையும் தரத்தையும் பார்த்ததில் இருந்த குளறுபடி, வரம்பை மீறிய ரொக்கப் பட்டுவாடா போன்றவை காரணமாகச் சொல்லப்பட்டன. ஆறு மாதம் கழித்தே தடை நீங்கியது. அதே ஆண்டு அக்டோபரில் நான்கு நிறுவனங்கள் புதிய கடன் கொடுப்பது நிறுத்தப்பட்டது. அவற்றில் ஒன்று சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஆசீர்வாத் மைக்ரோ ஃபைனான்ஸ். மகளிர் குழுக் கடன் வாங்கியவர்களுக்குப் பழக்கமான பெயர். மிகக் கூடுதலான வட்டியும், கடன் வாங்கும் குடும்பத்தின் வருமானத்தைச் சரியாகக் கணக்கிடாததும் காரணங்களில் முக்கியமானவை. குறைகளைச் சரிசெய்த பின் அந்தத் தடைகளும் நீக்கப்பட்டன.

மாநிலச் சட்டம் ஏன் உதவவில்லை?

கந்து வட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003இலிருந்து சட்டம் இருக்கிறது. அதனால் நிதி நிறுவனம் கூடுதல் வட்டி கேட்டாலும் அந்தச் சட்டத்தின் பெயரைச் சொல்லிக் காவல் நிலையத்துக்கு ஓடுகிறவர்கள் உண்டு. அங்கே "இது எங்கள் வரம்பில் வராது" என்று திருப்பி அனுப்பும்போது, கம்பெனிக்காரர்கள் பணம் கொடுத்துவிட்டார்கள் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். எப்போதும் அப்படி இல்லை. கேரளம், குஜராத் மாநிலங்களின் வட்டித் தொழில் சட்டங்கள் தொடர்பான வழக்கில் 2022 மே 10ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு அளித்தது. ரிசர்வ் வங்கியில் பதிவு பெற்ற நிதி நிறுவனங்களுக்கு அந்த மாநிலச் சட்டங்கள் பொருந்தாது, ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் மூன்றாம்-பி (III-B) அத்தியாயமே அவற்றை முழுமையாகக் கட்டுப்படுத்துகிறது என்பது அதன் சாரம்.

ஆகவே வட்டி விகிதம், கட்டணம், நகை ஏலம் போன்ற விஷயங்களில் கடிவாளம் ரிசர்வ் வங்கியின் கையில்தான் இருக்கிறது. வசூலுக்கு வந்தவர் மிரட்டினார், வீட்டுப் பெண்களிடம் அத்துமீறினார் என்றால் அது குற்றம். அதற்குக் காவல் நிலையம் போகத் தயங்க வேண்டாம். இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருந்தால் அலைச்சல் குறையும்.

நகை வைத்தவர்களுக்கு

2025 ஜூன் 6 அன்று ரிசர்வ் வங்கி தங்கம், வெள்ளி அடகுக் கடனுக்குப் புதிய விதிகளை வெளியிட்டது. அதன் வரைவு வந்தபோது தமிழ்நாட்டில் பெரும் எதிர்ப்பு எழுந்ததும், பிறகு சிறு கடன்களுக்குச் சலுகை சேர்க்கப்பட்டதும் நினைவிருக்கலாம். 2026 ஏப்ரல் 1ஆம் தேதிக்குள் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் இவற்றை நடைமுறைப்படுத்தியாக வேண்டும். இவை தெரியாமல் நாம் இழப்பது கொஞ்சமல்ல. அதனால் சற்று விரிவாகச் சொல்கிறோம்.

கடன் தொகை இரண்டரை லட்சம் வரை என்றால் தங்கத்தின் மதிப்பில் 85 சதவீதம் வரை கொடுக்கலாம். அதற்கு மேல் ஐந்து லட்சம் வரை 80 சதவீதம். ஐந்து லட்சத்துக்கு மேல் 75 சதவீதம். வட்டியையும் அசலையும் கடைசியில் மொத்தமாகக் கட்டும் கடன் என்றால், முடிவில் கட்ட வேண்டிய முழுத் தொகையும் இந்த வரம்புக்குள் இருக்க வேண்டும். கல்லின் மதிப்பு சேராது, தங்கம் மட்டுமே. நகையை உரசிப் பார்ப்பதும் எடை போடுவதும் உங்கள் கண் முன்னால் நடக்க வேண்டும். எடை, தரம், கல்லுக்காகக் கழித்தது எவ்வளவு என்பதெல்லாம் எழுதிய சான்று உங்களுக்குத் தர வேண்டும். "உள்ளே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்" என்றால் நீங்களும் கூடவே வருவதாகச் சொல்லுங்கள்.

கடனை முழுவதும் அடைத்துவிட்டால் அன்றைக்கே, அல்லது அதிகபட்சம் ஏழு வேலை நாட்களுக்குள் நகை உங்கள் கைக்கு வர வேண்டும். அவர்கள் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும். ஏலம் விடுவதற்கு முன் உங்களுக்கு முறையாக அறிவிக்க வேண்டும். செய்தித்தாளில் விளம்பரம் செய்ய வேண்டும். அவற்றில் ஒன்று உள்ளூர் மொழிப் பத்திரிகையாக இருக்க வேண்டும். ஏலத்தின் தொடக்க விலை நகையின் அன்றைய மதிப்பில் 90 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. இரண்டு முறை ஏலம் போகாவிட்டால்தான் அது 85 சதவீதம் வரை இறங்கலாம். ஏலத்தில் கிடைத்த பணத்தில் உங்கள் கடன் போக மிச்சம் இருந்தால் அது உங்கள் பணம். ஏழு வேலை நாட்களுக்குள் அதை அவர்கள் திருப்பித் தர வேண்டும். இந்த மிச்சப் பணத்தைக் கேட்டு வாங்கியவர்களை நாம் அரிதாகவே பார்த்திருக்கிறோம். நகை ஏலம் போய்விட்டது என்ற அவமானத்தில் அந்தப் பக்கமே போகாமல் இருந்துவிடுகிறோம். தங்கம் விற்கும் விலையில் அந்த மிச்சம் சிறிய தொகையாக இருக்காது.

எந்தக் கடனானாலும் கையெழுத்துக்கு முன்னால் ஒரு விவரத்தாள் தர வேண்டும் என்பது 2024 அக்டோபர் முதல் கட்டாயம். ஆண்டுக்கு மொத்தமாக எத்தனை சதவீதம் செலவாகிறது என்பதைச் செயலாக்கக் கட்டணம், காப்பீடு எல்லாம் சேர்த்து அதில் காட்ட வேண்டும். உங்களுக்குப் புரியும் மொழியில் அது இருக்க வேண்டும். "மாதம் ஒரு ரூபாய் வட்டிதான்" என்ற வாய்ப் பேச்சை விட்டுவிட்டு அந்தத் தாளைக் கேளுங்கள். வசூல் செய்பவர்கள் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் போன் செய்து நச்சரிக்கக் கூடாது. மகளிர் குழுக் கடன்களில், எல்லாக் கடன்களுக்குமான மாதத் தவணை சேர்ந்து குடும்ப வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. மூன்று குழுக்களில் கடன் வைத்திருக்கும் சகோதரிக்கு நான்காவது நிறுவனம் கடன் கொடுக்க வந்தால் அங்கே இந்தக் கணக்கு பார்க்கப்பட்டதா என்பதே கேள்வி.

விதி மீறப்பட்டால் முதலில் அந்த நிறுவனத்துக்கே எழுத்தில் புகார் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ள வேண்டும். வாய்ச் சண்டை கணக்கில் வராது. 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியாக இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை. ரிசர்வ் வங்கியின் இணையதளத்திலோ, சண்டிகரில் உள்ள அதன் மையத்துக்குத் தபாலிலோ புகார் அனுப்பலாம். விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. வீட்டுக் கடன் நிறுவனத்தின் மீதான புகார் மட்டும் தேசிய வீட்டு வசதி வங்கிக்குப் போக வேண்டும்.

பணம் போடுபவர்களுக்கு

வங்கி மூழ்கினால் ஒருவருக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. நிதி நிறுவன டெபாசிட்டுக்கு அந்தக் காப்பீடு கிடையாது, நிறுவனம் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் சரி. டெபாசிட் கேட்கும் நிதி நிறுவனம் தன் விளம்பரத்திலேயே, பணத்தைத் திருப்பித் தருவதற்கு ரிசர்வ் வங்கி பொறுப்பல்ல என்று குறிப்பிட வேண்டும் என்பது விதி. பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். தேடிப் படியுங்கள். பன்னிரண்டரை சதவீதத்துக்கு மேல் ஆண்டு வட்டி தருவதாகச் சொல்லவும் அவற்றுக்கு அனுமதி இல்லை. அதற்கு மேல் யாராவது சொன்னால், வட்டி ஹராம் என்பதைத் தள்ளி வைத்துப் பார்த்தாலும், அது சட்டத்துக்கு வெளியே நடக்கும் வேலை.

"நாங்கள் வட்டி தரவில்லை, லாபத்தில் பங்கு தருகிறோம்" என்று வருகிறவர்களிடம்தான் நம் மக்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். பெங்களூரு சிவாஜிநகர் பகுதியில் ஐ மானிட்டரி அட்வைசரி என்ற பெயரில் ஹலால் முதலீடு என்று சொல்லிப் பணம் திரட்டப்பட்டது. கொடுத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் முஸ்லிம்கள். 2019 ஜூனில் அதன் நிறுவனர் நாட்டை விட்டு வெளியேறிய பிறகு பல்லாயிரம் குடும்பங்கள் புகார் மனுவோடு வரிசையில் நின்றன. அடுத்த மாதம் அவர் டெல்லியில் கைது செய்யப்பட்டார். ரிசர்வ் வங்கியின் கண்காணிப்புக்குள் வராமல், கூட்டாளிகளின் பங்களிப்பு என்ற பெயரில் பணம் வாங்கியிருந்தார்கள். தாடியையும் தொப்பியையும் பார்த்து நம்பினோம் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி, சாட்சி வைத்துக்கொள்ளும்படி அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது. ஆளின் தோற்றமே போதும் என்று அது சொல்லவில்லை.

அதே 2019இல் வந்த இன்னொரு சட்டம், ஒழுங்குபடுத்தப்படாத டெபாசிட் திட்டங்களைத் தடை செய்யும் சட்டம். முறையான அனுமதி இல்லாமல் பொதுமக்களிடம் டெபாசிட் வாங்குவதே இதன்படி குற்றம். ஏமாற்றினால்தான் குற்றம் என்பதில்லை. இதை நாம் குறிப்பிடக் காரணம் இருக்கிறது. பல ஊர்களில் ஜமாஅத்தும் இளைஞர் சங்கமும் சேர்ந்து வட்டியில்லா நகைக் கடன் நடத்துகின்றன. அல்ஹம்துலில்லாஹ், நல்ல காரியம். ஆனால் அதற்கான பணம் நன்கொடையாக, ஜகாத் அல்லாத சதகாவாக, பைத்துல் மாலிலிருந்து வந்தால் ஒரு நிலை. "உங்கள் பணத்தை அமானத்தாகக் கொடுங்கள், கேட்கும்போது திருப்பித் தருகிறோம்" என்று பலரிடம் வாங்கி, அதைக் கடனாகக் கொடுத்தால் அது முற்றிலும் வேறு நிலை. ஒரு பைசா வட்டி இல்லாவிட்டாலும் திருப்பித் தருவதாக வாங்கும் பணத்தைச் சட்டம் டெபாசிட்டாகப் பார்க்கும். நல்லெண்ணத்தோடு தொடங்கிய நிர்வாகிகள் வழக்கில் நிற்க நேரிடும். இப்படி நடத்துகிறவர்கள் ஒரு வக்கீலையும் ஆடிட்டரையும் கலந்து, கூட்டுறவுச் சங்கமாகவோ வேறு முறையான அமைப்பாகவோ பதிவு செய்வது பற்றி இப்போதே யோசிப்பது நல்லது.

சட்டத்துக்கு உட்பட்டு வட்டியில்லாத நிதி நிறுவனம் நடத்த முடியாதா என்றும் கேட்கிறார்கள். வழி குறுகலானது. ரகுராம் ராஜன் தலைமையிலான குழு 2008இலேயே வட்டியில்லா வங்கிச் சேவையைப் பரிந்துரைத்தது. அந்த யோசனையைத் தொடரப் போவதில்லை என்று 2017இல் ரிசர்வ் வங்கி தெரிவித்துவிட்டது. கேரளத்தில் மாநில அரசின் தொழில் வளர்ச்சிக் கழகம் பங்கேற்ற ஒரு முயற்சி நீதிமன்ற வழக்கைத் தாண்டி, சேரமான் ஃபைனான்ஷியல் சர்வீசஸ் என்ற பெயரில் நிதி நிறுவனமாகப் பதிவு பெற்றது. அதுபோன்றது தமிழ்நாட்டிலும் வர வேண்டும் என்பது நம் விருப்பம். வரும்போது அதுவும் மேலே சொன்ன எல்லாக் கண்காணிப்புக்கும் உட்பட்டதாகவே இருக்க வேண்டும்.

ஒரு நிறுவனம் பதிவு பெற்றதா, டெபாசிட் வாங்க அனுமதி உண்டா, அதன் பதிவு ரத்தாகிவிட்டதா என்பதை ரிசர்வ் வங்கியின் இணையதளப் பட்டியலில் பார்க்கலாம். சந்தேகமான திட்டங்களைப் பற்றித் தெரிவிக்க "சசேத்" என்ற தளம் இருக்கிறது. செல்போன் ஆப்பில் கடன் வாங்குபவர்கள், அந்த ஆப் ரிசர்வ் வங்கி வெளியிட்டுள்ள டிஜிட்டல் கடன் செயலிகளின் பட்டியலில் உள்ளதா என்று முதலில் பார்த்துவிட வேண்டும். கைபேசியில் பார்க்கத் தெரியாத தாய்மார்கள் தங்கள் வீட்டுப் பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லலாம். அதற்கும் ஆள் இல்லாதவர்கள் அடகுச் சீட்டு, கடன் விவரத்தாள், நிறுவனம் அனுப்பிய நோட்டீஸ் ஆகியவற்றின் நகலோடு, அலுவலக நாட்களில் அஸர் தொழுகைக்குப் பின் நம் அறக்கட்டளைக்கு வாருங்கள். நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டிய புகார்க் கடிதத்தையும், 30 நாள் கழிந்தால் குறைதீர்ப்பாளருக்கான மனுவையும் எழுதித் தருகிறோம், இன்ஷா அல்லாஹ். ஏல நோட்டீஸ் வந்தவர்கள் தேதி நெருங்கும் வரை காத்திருக்காமல் அந்த வாரமே வந்துவிடுங்கள்.